வேம்புக்குக் கண்ணீர் அஞ்சலி

மரத்தை வெட்டியவர்களை வரலாறு அறியும். மரத்தை நட்டவர்களையும் ஓரளவுக்கு அறியும். ஆனால் விழுந்துவிட்ட ஒரு வேப்பமரத்துக்கு முறைப்படி இரங்கல் கூட்டம் கூட்டி, தலைமையுரை ஆற்றி, எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்திய மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் திண்டிவனத்தில், மொட்டை மாடியில் ஏறினால் பெருமுக்கல் மலை தெரிகிற ஒரு தெருவில், சொந்த வீட்டில் வசிக்கிறான். தன்னடக்கம் காரணமாக அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பேனரில் பெரிய எழுத்தில் 'மரநேயச் செம்மல் நெடுஞ்செழியன்' என்று போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டத்தை எனக்கு வழங்கியது 'வேம்பு நேயர் பேரவை'. பேரவையைத் தொடங்கியது நான். தலைவரும் நான்தான். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன், தேர்தல் நடப்பதை யாருக்கும் சொல்லவில்லை. செயலாளர் முருகையன். அவருக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபிளக்ஸ் பேனர் அடிக்கிற கடை. அதனால் எங்கள் பேரவையில் எந்தப் பொருள் விவாதத்துக்கு வந்தாலும் கடைசியில் அது பேனராகிவிடும். மற்ற அமைப்புகளில் தீர்மானங்கள் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன என்று குறைப்பட்டுக்கொள்கிறார்களே, அந்தக் குறை எங்களிடம் இல்லை.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மகள் வெண்ணிலாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கன்று அது. வீட்டுக்குப் பின்பக்கம் மதில் ஓரமாக அவளே நட்டாள். பல் விளக்குகிற தண்ணீரைக்கூட அதன் அடியில்தான் கொப்பளிப்பாள். காணை என்கிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அன்றைக்கு, கிளம்புகிற நேரத்தில் பின்பக்கம் ஓடிப்போய் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். நான் பார்க்கவில்லை. அப்போது நான் முன்பக்கம் மைக்கில் வாழ்த்துரை வழங்கிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைப் புயலில் மரம் சாய்ந்தது. வீட்டின் மேல் விழாமல், பக்கத்து நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த துரைக்கண்ணுவின் பயிர் மேலும் விழாமல், மதிலை ஒட்டி ஒதுங்கி விழுந்தது. அதே வாரத்தில் காணையிலிருந்து போன் வந்தது. வெண்ணிலா உண்டாகியிருக்கிறாள். என் மனைவி கோவிந்தம்மாள் போனை வைத்த கையோடு பின்பக்கம் போய் மரத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்.

"மரம் வீணா போவ கூடாதுங்க. அடிக்கட்டைய ஆசாரிகிட்ட குடுத்து கொழந்தைக்குத் தொட்டில் கட்டை ஒண்ணு செஞ்சுக்கலாம். மீதிய பொளந்து வெயில்ல காய வச்சா, பெத்து வர்ற பொண்ணுக்கு வெந்நி வைக்க வெறவு ஆச்சி. அவ ஊத்தன தண்ணியில வளந்த மரம். அவ புள்ள அதுல ஆடட்டும்."

தொட்டில் கட்டை என்பது பெரிய பொருள் ஒன்றும் இல்லை. புடவையில் தூளி கட்டும்போது துணி வந்து குழந்தையின் முகத்தை மூடிவிடாமல் குறுக்கே கொடுக்கிற சின்னக் கட்டை. கடையில் கிடைக்கிறது. ஆனால் அவளுக்கு இந்த மரத்தில்தான் வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கோவிந்தம்மாள் என்னிடம் வாய் திறந்து கேட்ட பொருள்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

நான் வீட்டிலும் மேடைத் தமிழ்தான் பேசுவேன். பழகிவிட்டது.

"கோவிந்தம்மா, நீ விறகைப் பார்க்கிறாய். நான் மறைந்துவிட்ட ஓர் ஆளுமையைப் பார்க்கிறேன்" என்றேன்.

"பாருங்க. பாத்துட்டு ஆசாரிய வர சொல்லுங்க" என்று அவள் உலையை வைக்கப் போய்விட்டாள்.

நான் முருகையனை வரச் சொன்னேன்.

இரங்கல் கூட்டத்துக்கு முருகையன் கொண்டுவந்த பேனர், பேரவையின் கலைச் சாதனைகளில் தலையாயது. மேலே கறுப்பில் 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் நான், இரண்டு கைகளையும் கூப்பி, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இடது மூலையில், தபால்தலை அளவில், மறைந்த வேம்பு.

"அஞ்சலியில் நான் சிரிக்கிறேனே, முருகையன்?"

"அழுவுற போட்டோ ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லீங்களே தலைவரே. இருக்கிறதெல்லாம் சிரிக்கிறதுதான். வேணும்னா கன்னத்துல ரெண்டு சொட்டு கண்ணீர் வரைஞ்சி வுட்டுடட்டா?"

சிரித்த முகத்தில் கண்ணீர் வரைவது ஆனந்தக் கண்ணீர் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்பதால் மறுத்துவிட்டேன். நுணுக்கமான விஷயங்களில் நான் எப்போதுமே கவனமாக இருப்பேன்.

கூட்டத்துக்கு முன்பே துரைக்கண்ணு அரிவாளோடு வந்திருந்தார். மதிலுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது.

"சார், மம்முட்டிக்கு காம்பு ஒண்ணு வேணும். அந்தக் கிளை நல்லா நேரா இருக்குது. வெட்டிக்கினு போவட்டா?"

"துரைக்கண்ணு, அஞ்சலிக்கு முன்னால் உடலைத் தொடலாமா?"

அவர் உடலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி சார், காரியம் முடியட்டும்" என்று தலையை இறக்கிக்கொண்டார்.

காரியம் சிறப்பாக நடந்தது. வேம்பின் மருத்துவக் குணங்களை விளக்கினேன். இந்திய நாகரிகத்தில் அதன் பங்கைத் தொட்டுக் காட்டினேன். குறிப்பாக, "வேம்பைக் கரையான் தொடாது, அதன் கசப்பே அதற்குக் கவசம்" என்று நான் சொன்னபோது நல்ல கைதட்டல். பிறகு எல்லோரும் எழுந்து கண்ணை மூடி இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். அப்போது பின்பக்கம் 'சடக்' என்று ஒரு சத்தம். இன்னொரு 'சடக்'. பிறகு இலை உரசுகிற சத்தம், ஏதோ மதில் ஏறிப் போகிற மாதிரி. எல்லோருக்கும் கேட்டது. ஆனால் மௌன அஞ்சலியில் கண்ணைத் திறக்கக் கூடாது, வாயையும் திறக்கக் கூடாது. பேரவையின் ஒழுக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கண்ணைத் திறந்தபோது நேராக இருந்த கிளை இல்லை.

அவசரத் தீர்மானம் ஒன்று அங்கேயே நிறைவேறியது. 'அஞ்சலியின் புனிதத்தைக் குலைத்து, மறைந்த வேம்பின் அங்கத்தை அபகரித்த துரைக்கண்ணுவை இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது.' அவர் வீட்டுப் பக்கம் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பி வைத்து, மைக்கில் நானே வாசித்தேன்.

துரைக்கண்ணு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "மைக்குல சொன்னா கிளை திரும்பி வந்து ஒட்டிக்குமா சார்?" என்றார். அன்றிலிருந்து எங்களோடு பேச்சு இல்லை. பால் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டார். கோவிந்தம்மாள் தெருக்கோடி வரை நடந்து போய்ப் பாக்கெட் பால் வாங்கி வந்தாள்.

திருட்டு நடந்துவிட்டதால் மீதி மரத்தைப் பாதுகாப்பது பேரவையின் தலையாய கடமையாகிவிட்டது. ஆளை விட்டுத் துண்டு துண்டாக அறுத்து, சமையலறைச் சுவரில் சாய்த்து, வெறும் மண் தரையிலேயே அடுக்கச் சொன்னேன். மண்ணில் பிறந்தது மண்ணோடு தொடர்பு அறாமல் இருக்கட்டும் என்பது என் கருத்து. மழை, வெயில், துரைக்கண்ணு ஆகிய மூன்றும் படாமல் இருக்க, கண்ணீர் அஞ்சலிப் பேனரையே மேலே போர்த்தி, சுற்றிச் செங்கல் வைத்து அழுத்தினேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நான் கைகூப்பிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரிப்பது தெரியும்.

வெள்ளிக்கிழமைதோறும் பேனரின் ஒரு முனையைத் தூக்கி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். வெட்டிய வேம்பு துளிர்த்த செய்திகள் உலகில் உண்டு. துளிர்த்தால் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட வேண்டும் என்று முருகையனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"வெறவு மேல தண்ணி ஊத்தற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றாள் கோவிந்தம்மாள். "ஆசாரி எப்ப வருவாரு?"

"பொங்கல் முடியட்டும்."

பொங்கல் முடிந்தது. சமையலறைச் சுவரில் விரல் கனத்துக்கு ஒரு மண்கோடு கிளம்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாள் கூப்பிட்டுக் காட்டினாள்.

"கரையாங்க."

"இருக்க முடியாது. வேம்பைக் கரையான் தொடாது."

"தொட்டுக்கினு கீதே."

"அது வேறு ஏதாவது பூச்சியாக இருக்கும். நான் கூட்டத்தில் பேசியிருக்கிறேன், கோவிந்தம்மா. கைதட்டல் வந்தது."

அவள் துடைப்பக் கட்டையால் கோட்டை இடித்தாள். உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தன. அவை என் உரையைக் கேட்டிருக்கவில்லை.

பேரவையின் அவசரக் கூட்டம் கூடியது. முருகையன் மண்கோட்டை நெடுநேரம் ஆராய்ந்தார்.

"தலைவரே, கரையான் வேம்பத் திங்காது. அது உங்க தத்துவம். ஆனா வந்துகீது. அப்ப இன்னா அர்த்தம்? திங்க வரல. வேற எதுக்கோ வந்துகீது."

"எதற்கு?"

"அஞ்சலிக்கு."

இந்த விளக்கம் எனக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் ஒரு தலைவன் எல்லா வாய்ப்புகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிடலாம் என்று யாரோ சொன்னார்கள். 'நஞ்சில்லா இல்லம்' என்பது எங்கள் கொள்கை முழக்கம்; அதற்கும் பேனர் அடித்தாகிவிட்டது; எனவே நிராகரிக்கப்பட்டது. கட்டைகளை எடுத்து வெயிலில் போட்டு, கல்லின் மேல் அடுக்கலாமே என்று கோவிந்தம்மாள் தேநீர் கொடுக்கும்போது சொன்னாள். அவள் உறுப்பினர் இல்லை என்பதால் அது குறிப்பில் ஏறவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த இயற்கை முறைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மஞ்சள் தூள் தூவினேன். கல்லுப்பு போட்டேன். சமையலறையிலிருந்த கட்டிப் பெருங்காயம் முழுவதையும் கரைத்து ஊற்றினேன். ஒரு வாரம் எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காய வாசனை இல்லை. பின்பக்கம் நல்ல வாசனை. விருந்து சுவையாக இருந்ததால் கரையான்கள் உறவினர்களையும் அழைத்துக்கொண்டு வந்தன.

முருகையன் இரண்டாவது பேனர் கொண்டுவந்தார். 'கரையான்களுக்கு எச்சரிக்கை! இது இயற்கை ஆர்வலர் இல்லம்.' இதிலும் நான்தான். இந்த முறை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். மண்கோடு பேனருக்குக் கீழே புகுந்து, பேனருக்கு மேலே வெளிப்பட்டது.

பங்குனியில் வளைகாப்பு. வெண்ணிலாவைக் காணையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். கை நிறைய வளையலோடு பின்பக்கம் போய் நின்றாள்.

"பா, என் மரம் இதுக்குள்ளயா கீது?"

"பாதுகாப்பாக இருக்கிறது, மகளே."

"தொட்டில் கட்டைக்கு அம்மா சொல்லிச்சே, ஆசாரி எப்பபா வருவாரு?"

"நினைவுப் பொருளில் கை வைப்பதென்றால் பேரவையின் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும். வெயில் காலமாக இருப்பதால் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை."

அவள் பேனரின் மேல் கையை வைத்துத் தடவினாள். அம்மாவும் பெண்ணும் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆதரவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

வைகாசியில் பேரன் பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துவந்த அன்று காலை, நான் முன்பக்கம் வரவேற்புப் பேனர் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிந்தம்மாள் வெந்நீருக்கு அடுப்பு மூட்டப் பின்பக்கம் போனாள். பொதுக்குழுவுக்கு அவள் காத்திருக்கவில்லை. செங்கல்லைத் தள்ளிவிட்டுப் பேனரை இழுத்தாள்.

கட்டைகள் அடுக்கிய மாதிரியே இருந்தன. பட்டை இருந்தது. கணு இருந்தது. கோவிந்தம்மாள் மேல் கட்டையைத் தூக்கக் கை வைத்தாள். கை உள்ளே போய்விட்டது. பட்டைக்கு உள்ளே மரம் இல்லை, ஈர மண் இருந்தது. அடுத்ததைத் தட்டினாள், பொலபொலவென்று கொட்டியது. அதற்கு அடுத்ததைத் தட்டினாள். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு சாண் கட்டை, கெட்டியாக, அவளுக்குப் போதும். அடி வரிசை வரை தட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு நான் சமையலறை வழியாக ஓடினேன். பின்கதவு நிலையைப் பிடித்தேன். மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பளபளவென்று இருந்த நிலை, பிடித்த இடத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கி, ஒரு பிடி தூளாக என் கைக்கு வந்தது. கூடத்தில் என் கேடயங்கள் வைத்திருக்கும் அலமாரி சமையலறைச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அதை அப்புறம்தான் பார்த்தேன். கேடயங்களின் மரத்தை எல்லாம் கரையான் தின்றுவிட்டு, 'செம்மல்', 'சுடர்', 'மாமணி' என்ற பித்தளைத் தகடுகளை மட்டும் ஒரு குவியலாக விட்டிருந்தது.

கோவிந்தம்மாள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கை வரை மண். அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"ஒரு கட்டை கேட்டேன்" என்றாள். "ஒரே ஒரு கட்டை."

அந்த நேரத்துக்கு ஏற்ற இரங்கல் வாசகங்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் வாயில் "எல்லாம் போயிட்ச்சி கோவிந்து" என்றுதான் வந்தது. அவள் தலை தூக்கிப் பார்த்தாள். நான் வீட்டு மொழியில் பேசி அவளும் வெகுகாலமாகக் கேட்டிருக்க மாட்டாள்.

மதிலுக்கு மேலே ஒரு தலை எழுந்தது. துரைக்கண்ணு. கொட்டிக் கிடந்த மண்ணைப் பார்த்தார், கோவிந்தம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. தலை மறைந்தது. சற்று நேரத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார். அங்கேயே கிடந்த துவைக்கிற கல்லில் தலைகீழாக நாலு குத்து குத்திக் காம்பைக் கழற்றினார். கை பட்டுப் பட்டு அந்தக் காம்பு வழவழவென்று கறுத்திருந்தது.

"தங்கச்சி, இது அந்த மரந்தான். உள்ள நல்ல வைரம். ஆசாரிகிட்ட குடுத்தா ஒரு நாழியில அறுத்துக் குடுப்பாரு. கொழந்தைக்குப் போடு."

"மம்முட்டிக்கு இன்னாண்ணா பண்ணுவீங்க?"

"சவுக்குல ஒண்ணு போட்டுக்கிறேன். எங்கிட்ட எது வந்தாலும் தெனம் வேலை செய்யும். கரையான் புடிக்க நேரம் ஏது?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், மைக்குல படிச்சீங்களே. அத்த இப்ப வாபஸ் வாங்கிக்குவீங்களா?"

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. "தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதென்றால் பேரவையைக் கூட்டித்தான்..." என்று ஆரம்பித்தேன்.

கோவிந்தம்மாள் எழுந்து நின்றாள். காம்பை வாங்கி முந்தானையில் துடைத்தாள்.

"திருடிக்கினு போனவரு திருப்பிக் குடுத்துட்டாரு. காவல் காத்தீங்களே, நீங்க இன்னா குடுத்தீங்க?"

இந்தக் கேள்வி இன்னும் பேரவையின் பரிசீலனையில் இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. சவுக்கு விறகு வந்து இறங்கி, சுவரை விட்டுத் தள்ளி, செங்கல் மேல், வெயிலில் கிடக்கிறது. அதைப் பாதுகாக்கத் தீர்மானம் எதுவும் இல்லை, தினமும் எரிகிறது. கரையானுக்கு மருந்து அடிக்க ஆள் வந்து போய்விட்டார். நான் எந்தக் கொள்கை முழக்கமும் செய்யவில்லை. துரைக்கண்ணு வீட்டுப் பால் மறுபடி வருகிறது. கூடத்தில் தூளி ஆடுகிறது. மேலே, பேரவையால் வன்மையாகக் கண்டிக்கப்பட்ட கட்டை. கீழே, ஈரம் தரையில் ஊறாமல் இருக்கக் கோவிந்தம்மாள் நன்றாகக் கழுவி விரித்திருக்கிற கண்ணீர் அஞ்சலிப் பேனர். பேரன் நாள் தவறாமல் தூளியிலிருந்து சொட்டுச் சொட்டாக அஞ்சலி செலுத்துகிறான். பெரும்பாலும் என் கன்னத்தில் விழுகிறது. முருகையன் வரையக் கேட்ட கண்ணீர் இப்படியாக வந்து சேர்ந்தது. நான் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன்.

நேற்று வெண்ணிலா தூளியை ஆட்டிக்கொண்டே கீழே குனிந்து பேனரைப் பார்த்தாள்.

"ம்மா, கரையான் மரத்தத் தின்னுச்சி. கதவத் தின்னுச்சி. இத்தினி மாசம் மேலயே கெடந்திருக்காரு, அப்பாவ மட்டும் ஒரு ஓட்டை போடாம எப்டிமா வுட்டுச்சி?"

கோவிந்தம்மாள் வெந்நீர்த் தவலையை இறக்கி வைத்தாள்.

"ஒரு காலத்துலயாவது உசுரோட இருந்த பொருளத்தான்டி அது திங்கும்."